பகானில் தங்கும் இடம் பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

ரங்கூனிலிருந்தோ பெகு, தட்டோன், மோல்மீன் பக்கமிருந்தோ குடும்பத்தோடு பர்மாவின் (மியான்மர்) பழைய கோயில் நகரமான பகான் போக நினைக்கும் நம் தமிழர்கள் முதலில் கேட்பது, "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்றுதான். தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்போதும் இதே கேள்வி வரும். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பகானைப் பொறுத்தவரை ஹோட்டல் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். படத்தில் நீச்சல்குளத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டிவிட்டு, போன பிறகு தூரத்தை நினைத்து வருந்துகிறவர்கள் நிறைய.

பகானில் நேரத்தைத் தீர்மானிப்பது வெயில். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். பத்து, பத்தரைக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, மூன்றரை மணிக்கு மேல் மறுபடி கிளம்பினால் இருட்டும்வரை பார்க்கலாம். இப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்வரணும். பகானில் எல்லாக் கோயிலுக்கும் பயாவுக்கும் (புத்த ஸ்தூபிக்கும்) வெறுங்காலோடுதான் போக வேண்டும், காலுறைகூடக் கூடாது. நண்பகலில் அந்தக் கல்தரையில் கால் வைக்க முடியாது. ஆகவே ஹோட்டல் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நடுப்பகலில் அலுப்பில்லாமல் திரும்பி வரக்கூடிய தூரத்தில் இருக்கிறதா? மற்ற வசதிகளை எல்லாம் இதற்குப் பிறகு பார்க்கலாம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம்மவர்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது ஏப்ரலில், திஞ்ஞானும் (பர்மியப் புத்தாண்டும்) சித்திரைப் பிறப்பும் ஒன்றாக வரும்போது. பகானுக்குப் போக அதைவிட மோசமான நேரம் கிடையாது. அந்த வறண்ட பூமியில் ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதோடு நாடு முழுக்க லீவு என்பதால் அறை கிடைப்பதும் கஷ்டம், வாடகையும் ஏறிவிடும். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த மாதத்தில் போக வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

தீபாவளியை ஒட்டிப் போனால் மழை ஓய்ந்திருக்கும், சமவெளி பச்சையாக இருக்கும், புழுதியும் குறைவு. பொங்கல் சமயம் இன்னும் நல்லது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பகலில் இதமாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் உண்மையாகவே குளிரும். ஈ-பைக்கில் போகும்போது ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மழைக்காலத்திலும் பகானில் ரங்கூன் மாதிரி கொட்டாது. கூட்டமும் குறைவாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். மேகம் மட்டும் சில நாள் சூரிய உதயத்தை மறைத்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். மார்கழி, தை வாக்கில் வரும் பர்மிய மாதமான பியாதோவின் பௌர்ணமியில் ஆனந்தா கோயில் திருவிழா. சுற்று கிராமத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கோயிலைச் சுற்றியே தங்குவார்கள். பார்க்க வேண்டிய திருவிழா அது. ஆனால் ஒலிபெருக்கி இரவெல்லாம் ஓயாது. திருவிழாவுக்காகவே போகிறவர்கள் பழைய பகானில் தங்கலாம். தூக்கம் வேண்டும் என்பவர்கள் அந்த வாரத்தில் தள்ளித் தங்குவது நல்லது.

ஒரே பெயரில் மூன்று ஊர்

ஹோட்டல் விளம்பரத்தில் 'பகான்' என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது மூன்றில் ஓர் இடமாக இருக்கும்: பழைய பகான், புதிய பகான், ஞாவ்-ஊ. பழைய பகானுக்கு வடகிழக்கே ஐந்து கிலோமீட்டர் வாக்கில் ஞாவ்-ஊ இருக்கிறது. தெற்கே நாலு கிலோமீட்டர் வாக்கில் புதிய பகான். முகவரியில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து, போன் வரைபடத்தில் ஹோட்டல் இருக்கும் புள்ளியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பகான் என்பது ஐராவதி வளைவில், பழைய கோட்டைச் சுவருக்கு உள்ளேயும் ஒட்டியும் இருக்கும் இடம். ஆனந்தா, ததபின்யு, கௌடாபலின், ஆற்றங்கரை புபயா எல்லாம் நடக்கும் தூரத்தில். 1990-இல் இங்கே குடியிருந்த மக்களை எல்லாம் எழுப்பிப் புதிய பகானுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் பழைய பகானில் வீடுகளோ தெருக்கடைகளோ பெரிதாக இல்லை. ஹோட்டல்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், பெரும்பாலும் ஆற்றைப் பார்த்த பெரிய ஹோட்டல்கள், வாடகையும் அதற்கேற்ப. இரவு எட்டு மணிக்குமேல் ஒரு மாத்திரை வாங்கணும் என்றாலும் வண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு வசதி வேறெங்கும் கிடையாது: நடுப்பகலில் ஐந்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிடலாம், சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு ஆனந்தா வரை நடந்து போய்வரலாம். அதிகம் நடக்க முடியாத அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் மற்றச் செலவைக் குறைத்துக்கொண்டாவது இங்கே தங்குவது நல்லது.

2019-இல் பகான் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் ஹோட்டல்களை வெளியே மாற்றுவது பற்றியும் பேச்சு எழுந்தது. அதனால் பழைய பயணக் குறிப்பு ஒன்றில் ஹோட்டல் பெயரைப் பார்த்திருந்தால், அது இப்போது திறந்திருக்கிறதா என்று கேட்ட பிறகே நம்புங்கள்.

புதிய பகான் 1990-க்குப் பிறகு கட்டம் போட்டு அமைத்த ஊர். நடுத்தர ஹோட்டல்கள், சாப்பாட்டுக் கடைகள், ஈ-பைக் கடைகள், டீக்கடைகள் எல்லாம் நிறைய இருக்கின்றன. லோகநந்தா பயா பக்கத்திலேயே இருக்கிறது. பழைய பகானுக்குப் போகும் வழியில் மியின்கபா கிராமம் வரும். மனுஹா கோயிலும் குப்யவுக்ஜி சுவரோவியங்களும் அங்கேதான். முதல்முறை குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது புதிய பகானைத்தான். வாடகை தாங்கும், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், காலையில் போகிற பாதையிலேயே பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன.

ஞாவ்-ஊவில் விமான நிலையம், படகுத்துறை, மணிசிது சந்தை, ஷ்வேஸிகோன் பயா எல்லாம் இருக்கின்றன. மலிவான அறைகள் அதிகம் கிடைப்பது இங்கேதான். சந்தையில் காய்கறி, பூ, பழம் வாங்கலாம். கையில் குறைவாகக் காசு வைத்திருக்கும் இளைஞர்களுக்குப் பொருத்தமான இடம். ஆனால் முக்கியக் கோயில்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு கிலோமீட்டர் போகணும். வெயில் காலத்தில் நடுப்பகலில் திரும்பும்போது அந்தத் தூரம் உறைக்கும். ஞாவ்-ஊவுக்கும் பழைய பகானுக்கும் நடுவே வெட்ஜி-இன் கிராமத்தை ஒட்டியும் சில தங்குமிடங்கள் உண்டு. ஞாவ்-ஊ வாடகையில் கொஞ்சம் பக்கமாகத் தங்க விரும்புகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

கூட வருகிறவர்களைப் பார்த்து அறை எடுங்கள்

நம் குடும்பங்கள் இரண்டு பேராகப் போவது அபூர்வம். சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று சேர்ந்து ஒரு வேன் பிடித்துத்தான் போவார்கள். அப்படியானால் அறை எண்ணிக்கையைவிட அறை எந்த மாடியில் என்பது முக்கியம். சின்ன ஹோட்டல்களில் லிஃப்ட் இருக்காது. கோயில் படியே போதும், அறைக்கும் படி ஏற வைக்காதீர்கள். பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில், குளியலறையில் உட்காரும் கழிப்பறையோடு அறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேன் டிரைவருக்குத் தனி அறை உண்டா, கட்டணம் என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடணும். ராத்திரி அவர் சரியாகத் தூங்கினால்தான் அடுத்த நாள் பயணம் நிம்மதி.

குழந்தைகள் இருந்தால் நீச்சல்குளம் வீண் செலவு அல்ல. வெயிலுக்காக அறைக்குத் திரும்பும் நாலைந்து மணி நேரத்தை அவர்கள் எப்படிப் போக்குவார்கள்? குளம் இருந்தால் அழுகை இல்லாமல் அந்த நேரம் போகும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கூட வந்தால் இன்னொன்று. வெளிநாட்டவரைத் தங்கவைக்க அனுமதி உள்ள ஹோட்டலில்தான் அவர்கள் தங்க முடியும். மலிவான விடுதிகள் சிலவற்றுக்கு அந்த அனுமதி கிடையாது. வாடகையும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று என்று இருக்கும். "நாங்க நாலு பேர் இந்த நாட்டுக்காரங்க, ரெண்டு பேர் இந்தியா பாஸ்போர்ட்" என்று முன்பதிவிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் வாசலில் சங்கடம் வராது. நம்மவர்கள் எல்லோரும் தேசியப் பதிவு அட்டையைக் கையோடு எடுத்துப் போகணும். ஹோட்டலிலும் கேட்பார்கள், வழியில் சோதனைச் சாவடியிலும் கேட்பார்கள். அட்டையில் ஒரு பெயரும் கூப்பிட ஒரு பெயரும் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். அட்டையில் இருக்கும் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

இணையத்தில் பதிவு செய்தாலும் ஒரு தடவை ஹோட்டலுக்கே போன் போடுங்கள், இல்லையென்றால் வைபரில் பேசுங்கள். பர்மியம் நன்றாகப் பேசும் ஒருவர் பேசினால் பாதி வேலை முடிந்தது.

முதல் கேள்வி கரண்ட் பற்றி. நாடு முழுக்கவே கரண்ட் போய்ப் போய் வருகிறது, பகானும் விதிவிலக்கல்ல. "ஜெனரேட்டர் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "கரண்ட் இல்லாத நேரத்துல ரூம் ஏசி ஓடுமா, இல்லை லைட்டும் ஃபேனும் மட்டுமா? பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும் ஜெனரேட்டர் போடுவீங்களா? ராத்திரி எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் அறையில் இருக்கப்போகும் நேரம் அந்த நடுப்பகல்தான். அப்போது ஏசி இல்லை என்றால் திரும்பி வந்து பயனில்லை. சோலார் வைத்திருக்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு, அதற்கு எதிர்ப்பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது ஈ-பைக். பகானில் வெளிநாட்டவருக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்குத் தரமாட்டார்கள், அதனால் பேட்டரியில் ஓடும் ஈ-பைக்தான் அங்கே எல்லோருக்கும் வண்டி. ஹோட்டல் வாசலிலேயே கிடைத்தால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கக் காத்திருக்க வேண்டாம். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறியிருக்குமா, வழியில் நின்றுபோனால் வந்து மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். கோயில்களுக்கு நடுவே போகும் மண் பாதைகளில் மணல் ஆழமாக இருக்கும். முன்சக்கரம் வழுக்கும். எடுக்கும்போது டயரைப் பாருங்கள், பிரேக்கை அழுத்திப் பாருங்கள், சார்ஜ் காட்டும் முள்ளைப் பாருங்கள். இதுவரை இருசக்கர வண்டியே ஓட்டாதவர்கள் இங்கே வந்து பழக வேண்டாம். கார் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை வண்டி பார்க்க அழகு, மெதுவாகப் போகும், ஆனால் முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த ஆட்டம் ஆகாது.

மூன்றாவது நேரம். ரங்கூன் அவுங் மிங்கலா நிலையத்திலிருந்து போகும் பஸ்கள் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். இப்போதைய நிலவரத்தில் புறப்படும் நேரமும் வழியும் அடிக்கடி மாறுகின்றன. இருட்டு விலகாத நேரத்தில் போய் இறங்கினால் அறை தயாராக இருக்குமா? ஹோட்டல்கள் பொதுவாக மதியத்துக்கு மேல்தான் அறை தருவார்கள். சீக்கிரம் தருவதற்குத் தனிக் காசா, இல்லை அறை காலியாக இருந்தால் சும்மாவே தருவார்களா, பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவ இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஞாவ்-ஊ. விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு வண்டி அனுப்புவார்களா என்பதையும் கேட்கலாம்.

நாலாவதாகத் தண்ணீர். அது வறண்ட பூமி என்பதை மறக்காதீர்கள். அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன் குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். நீர் பழுப்பாக வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா, சுடுநீர் வருகிறதா என்று பாருங்கள். ஏசியைப் போட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். ஜன்னல் வலையில் ஓட்டை இருந்தால் கொசுவத்தி கேளுங்கள். சரியில்லை என்றால் அப்போதே கீழே போய் வேறு அறை கேட்பதில் தப்பில்லை. படுத்து எழுந்த பிறகு கேட்டால் மாற்றித் தரத் தயங்குவார்கள்.

பணம் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு வங்கி அட்டைகளை நம்பிப் போக முடியாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் மடிப்போ கறையோ இல்லாத புது டாலர் தாள்களாகக் கொண்டுவரணும், கசங்கிய தாளை வாங்கமாட்டார்கள். நம்மவர்கள் கேபிஇஸட் பே மாதிரி போன் பணத்தை வைத்திருந்தாலும், இணையம் நின்றுபோகும் நாளுக்காகக் கொஞ்சம் கியாட்டாக (உள்ளூர்ப் பணமாக) வைத்திருங்கள். வாடகையில் காலைச் சாப்பாடு சேர்ந்ததா என்று கேட்டு, வைபரில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். முன்பணம் திருப்பித் தருவார்களா என்பதையும் அதே செய்தியில் எழுதச் சொல்லுங்கள்.

நிலவரம் தெரிந்து கிளம்புங்கள்

2021-க்குப் பிறகு நாட்டில் நடக்கும் சண்டையால் வழிகள் முன்போல் இல்லை. மகுவே, சகாயிங் பக்கங்கள் பகானுக்குத் தூரம் இல்லை. கிளம்பும் வாரத்தில் ஹோட்டல்காரரிடமே "ரோடு எப்படி இருக்கு, ராத்திரி எத்தனை மணிக்குமேல வெளியே போகக் கூடாது?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தரைவழியில் போவதானால் பகலில் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். இந்தியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வருகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன்பே தங்கள் தூதரக அறிவிப்பைப் படித்துவிடணும். போக வேண்டாம் என்று இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

நிலநடுக்கத்தையும் நினைவில் வைக்கணும். 1975-இலும் 2016 ஆகஸ்ட் 24-லும் பகான் கோயில்கள் பெரிதாக அடிபட்டன. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் பக்கம்தான் பேரழிவு. பகானோடு மண்டலேயையும் சேர்த்துப் போகிறவர்கள், அங்கே எடுக்கும் ஹோட்டல் கட்டடம் நிலநடுக்கத்துக்குப் பிறகு சோதிக்கப்பட்டதா, பழுது பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். எந்த ஊரிலும் முடிந்தவரை கீழ்த்தளமாகவே வாங்குங்கள்.

2016-க்குப் பிறகு கோயில் மேல் ஏறுவதைப் படிப்படியாகத் தடுத்துவிட்டார்கள். பழைய படங்களில் ஷ்வேசண்டோ படிகளில் கூட்டமாக உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள், அது இப்போது இல்லை. அதற்குப் பதிலாக மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள். "பக்கத்துல எந்த மேடு, இப்ப திறந்திருக்கா?" என்று ஹோட்டலில் கேட்டால் சொல்வார்கள். யாராவது ஒரு பையன் சின்னக் கோயில் ஒன்றைக் காட்டி, காசு கொடுத்தால் மேலே விடுகிறேன் என்றால் போகாதீர்கள். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல் அது. நம் கால் பட்டு உதிர்ந்தால் திரும்ப வராது. ஹோட்டல் மொட்டைமாடியிலிருந்தே கோபுரங்கள் தெரிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அறை பார்க்கும்போது அதையும் ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் புதிய பகானிலோ, பழைய பகானின் தாராபா வாசலுக்கு வெளியேயோ தங்கினால் சிரமப்பட மாட்டார்கள். அங்கே சைவக் கடைகள் இருக்கின்றன. மற்ற இடங்களில் கீரை வதக்கலில்கூட மீன்சாறும் ங்கப்பியும் (புளிக்கவைத்த மீன் விழுதும்) சேர்ந்துவிடும். "தெ தா லு" (சைவம்) என்று சொல்லிவிட்டு, மீன்சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லணும். ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் பெரும்பாலும் மொஹிங்கா (மீன்குழம்பு நூடுல்ஸ்), பொரித்த சோறு, முட்டை, ரொட்டி இருக்கும். விடியலுக்கு முன் கிளம்புகிறவர்களுக்குக் கட்டித் தருவார்களா என்று முதல் நாள் ராத்திரியே கேட்டுவிடுங்கள். விரத நாளில் போகிற பாட்டிமார் இருந்தால், அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் இருந்தாலே போதும். அவலும் பொடியும் வீட்டிலிருந்து வந்துவிடும்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது

இரண்டு ராத்திரி, மூன்று பகல் குறைந்தபட்சம். பகானில் 3,500-க்கு மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் கால்தான் வலிக்கும். தங்கும் இடத்தை ஒட்டிப் பகுதி பகுதியாகப் பாருங்கள்.

புதிய பகானில் தங்கினால் முதல் காலையில் மியின்கபா. குப்யவுக்ஜியை 1113-இல் கட்டினார்கள். உள்ளே இருட்டு, டார்ச் கொண்டுபோங்கள், படம் எடுக்கக் கூடாது. பக்கத்திலேயே மியாஸேடி கல்வெட்டு, பியு, மோன், பாலி, பர்மியம் என நாலு மொழியில். அன்று மாலை ஆனந்தா. கியன்சித்தா அரசர் காலத்துக் கோயில், நாலு திசைக்கும் நின்ற கோலத்தில் நாலு பெரிய புத்தர்கள். தெற்குப் பக்கப் புத்தரைக் காலடியில் நின்று பாருங்கள், முகம் வாடியிருக்கும். அப்படியே பின்னால் நடந்து வாசல் வரை வந்து பாருங்கள், சிரிப்பார். குழந்தைகள் இதையே நாலு தடவை நடந்து பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் காலை தம்மயான்ஜி, சுலாமணி. ஞாவ்-ஊவில் தங்கியிருந்தால் முதல் காலை ஷ்வேஸிகோன், ஹ்திலோமின்லோ என்று மாற்றிக்கொள்ளுங்கள். கிழக்கே மின்னந்து பக்கம் கூட்டமே இருக்காது. சில கோயில்கள் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் பக்கத்துக் குடிசையில் இருப்பார். வெளிநாட்டவருக்குத் தொல்லியல் மண்டல நுழைவுச் சீட்டு உண்டு. பெரிய கோயில்களில் சோதிப்பார்கள், அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். போப்பா மலை ஐம்பது கிலோமீட்டர் வாக்கில். அரை நாள் போதும், ஆனால் 777 படி.

நமக்கென்று ஓர் இடம்

பழைய பகான் சுவருக்குள், ததபின்யுவுக்குப் பக்கத்தில், நத்லவுங் சாவுங் என்று ஒரு சின்னச் செங்கல் கோயில் இருக்கிறது. பகானில் இன்றைக்கும் நிற்கும் ஒரே இந்துக் கோயில், பெருமாள் கோயில். வழிகாட்டிகள் வண்டியை நிறுத்தாமலே போய்விடுவார்கள், நீங்கள் கேட்டு நிறுத்தச் சொல்லணும். உள்ளே போனதும் சட்டென்று குளிர்ச்சி, வௌவால் வாசனை. கண் பழகியதும் நடுத்தூணில் சிலை தெரியும். வெளிச்சுவர் மாடங்களில் அவதாரச் சிற்பங்கள் சில மிஞ்சியிருக்கின்றன.

மியின்கபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் இதோடு சேர்த்து நினைக்கணும். மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்கிற இந்தப் பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் வைத்ததை அதில் பொறித்திருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள்தான் இந்த நாட்டின் முதல் தமிழர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்டு வருகிறார்கள். அதற்கு அறுநூறு வருஷம் முன்பே வணிகம் செய்ய வந்த நம்மவர் இங்கே விளக்கேற்றியிருக்கிறார்கள். ரங்கூனில் காளியம்மன் கோயில் இருக்கும் அநோரதா சாலைக்குப் பெயர் கொடுத்ததும் பகானை ஆண்ட அநோரதா அரசர்தான். பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொன்னால் மனதில் நிற்கும். பழைய பகானில் தங்கும் குடும்பங்கள் காலை வெயில் ஏறும் முன் இங்கே நடந்தே வந்துவிடலாம். அந்த ஹோட்டல்களுக்குக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கிளம்பும் நாள்

அறையை மதியம் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொல்வார்கள், பஸ்ஸோ விமானமோ சாயங்காலமாக இருக்கலாம். இடைப்பட்ட நேரத்துக்கு ஓர் அறையை மட்டும் அரை நாள் வாடகைக்குத் தருவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். பெரியவர்கள் படுக்கவும் எல்லோரும் குளிக்கவும் அது போதும். கிடைக்காவிட்டால் பெட்டிகளை ஹோட்டலில் வைத்துவிட்டு மியின்கபா அரக்குப் பாத்திரப் பட்டறைக்குப் போங்கள், நிழலில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கலாம். ஈ-பைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறல் எதுவும் நீங்கள் போட்டதல்ல என்று காட்ட, எடுத்த அன்றே நாலு பக்கமும் போனில் படம் பிடித்து வைத்திருங்கள். அடையாள அட்டைகளை ஹோட்டலில் வாங்கி வைத்திருந்தால் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சோதனைச் சாவடி ஊர் எல்லையிலேயே வந்துவிடும்.